உதாரணம் இல்லாத சொல்

மிச்சிகன்
8 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா ரஸ்மியாவுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேல் நிலவட்டும். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்தப்பா அபூ காயித்தின் இருமல் குறைந்ததா? சித்தி உம்மு காயித்தின் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. முற்றத்தில் நின்று அவள் போடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

ஒரு வேடிக்கை நடந்தது. போன செவ்வாய்க்கிழமை வகுப்பில், பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றார் எங்கள் பேராசிரியர் அம்மா. என் பக்கத்தில் ஒரு கொரியப் பையன். எப்போதும் சிரித்த முகம். நான் யோசிக்காமல், "இவன் ரத்தம் தேன்" என்று சொல்லிவிட்டேன். நான் அவனைக் கடித்துப் பார்த்ததுபோல வகுப்பே திரும்பிப் பார்த்தது.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் என்னை நிறுத்தி, "உங்க ஜோர்டான்ல மனுஷங்களைச் சாப்பாடாத்தான் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் நம் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து சுரைக்காய் குடைந்தபடி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைப்பாளே! அவசரக்கார அப்பா 'வெங்காயம் கருகினவர்.' பேச்சு பச்சையாக இருந்தால் 'வேகாதவன்.' நான் அவளுடைய அத்திப்பழம். அம்மா வாயிலிருந்து பெயர் வாங்காமல் யாரும் நம் சந்து முனையைத் தாண்டியதில்லை.

"ஆமாம், அப்படித்தான் பார்ப்போம்" என்றேன். அதையே கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார். நம் கரக் ஊர் முழுக்க யார் யாரை என்ன சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புவாயா? உன்னை விட்டால் எனக்கு யார்?

இன்னொன்று. அப்பா வெங்காயம், நான் அத்தி, சித்தி மிளகாய். உனக்கும் ஒன்று இருந்தது. நாக்கு நுனிவரை வருகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. என்ன அது?

உன் தம்பி,
ஹாயில்

*

கரக்
3 நவம்பர் 1984

என் கண்ணான தம்பி ஹாயிலுக்கு,

இறைவன் உன்னைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காப்பானாக. கடிதம் வந்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. சித்தப்பாவின் இருமல் அப்படியே இருக்கிறது. கம்பளி உள்சட்டை போடுகிறாயா?

நீ கேட்டதைச் சித்தியிடம் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து எனக்குப் பின்னாலேயே திரிகிறாள். நான் துணி உலர்த்தினால் அங்கே வந்து, "எழுதிக்கோ! காய்கறிக்காரன் இருக்கானே, அவன் பூஞ்சை புடிச்சவன். ஒரு கொத்துமல்லி கூடுதலா குடுக்கமாட்டான். அமெரிக்காக்காரங்க படிக்கட்டும்!" என்கிறாள். மூன்றாவது மருமகனைப் பற்றிக் கேட்டேன். "அவனா? வெள்ளரிக்கா. இருந்தாலும் தெரியாது, இல்லன்னாலும் தெரியாது." மருமகன் அப்போது உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், பாவம். தொண்டையைச் செருமினார். சித்தி குரலைத் தாழ்த்தவில்லை. "காது மட்டும் நல்லாருக்கு" என்றாள்.

பள்ளிக்கூடத்திலும் குறித்துவைத்தேன். தலைமையாசிரியைக்கு எலுமிச்சை என்று பெயர். மாணவிகள் வைத்தது. காலையில் வாசலில் நிற்கும் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் வந்து சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் போனதும் கணக்கு டீச்சர், "எவ்ளோ புளிப்பு! பல்லு கூசுதுடி" என்றாள். சின்னதாக, அழகாக இருக்கும் புது டீச்சரை பிஸ்தா என்கிறார்கள். அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி, வெளியே கோபம். காரியம் நடக்காதா என்று நாமெல்லாம் தவிக்கும்போது கவலையே இல்லாமல் இருப்பவனை, வயிற்றில் கோடைக்காலத் தர்பூசணி வைத்திருப்பவன் என்று நாம் சொல்வது உனக்கு நினைவிருக்குமே. அதைச் சேர்த்துக்கொள்.

ஒன்று கவனித்தேன். இதையெல்லாம் ஆளுக்கு நேராகச் சொன்னால் பாதிக்கு மேல் பாசம். முதுகுக்குப் பின்னால் சொன்னால் வேறு. உன் பேராசிரியருக்கு இது உதவுமா தெரியவில்லை.

அடுப்பில் பயறு இருக்கிறது. முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரஸ்மியா

*

மிச்சிகன்
27 நவம்பர் 1984

அன்பு அக்காவுக்கு,

சலாம். நலம், நலமறிய ஆவல். உள்சட்டை இரண்டு போடுகிறேன், போதுமா?

உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். வெள்ளரிக்காய் மருமகன் தொண்டையைச் செருமிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். 'நேராகச் சொன்னால் பாசம், பின்னால் சொன்னால் வேறு' என்றாயே, அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இதைச் சொன்னவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?" என்றார். இரண்டாம் வகுப்பு டீச்சர் என்றேன். "வீணாப் போச்சே" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது எல்லாவற்றையும் ருசி ருசியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இனிப்பு, புளிப்பு, காரம், பச்சை, கருகியது. நேற்று அவர் ஒன்று கேட்டார். "ருசியே இல்லாத ஆளை என்ன சொல்வீங்க?" உடனே சொல் வந்தது. உப்பில்லாத ஆள். சத்தமாகச் சொன்னதும் எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்தச் சொல் எனக்கு என் குரலிலேயே கேட்கிறது, அக்கா. சின்ன வயதுக் குரலில். யாரையோ நான் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். யாரை? எதிர்வீட்டுப் பையனா? உதாரணத்துக்கு ஓர் ஆள் வேண்டும். நினைவுபடுத்தி எழுது.

போன தடவை உன் பெயரைக் கேட்டிருந்தேன். அவசரத்தில் விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

பாசத்துடன்,
ஹாயில்

*

கரக்
22 ஜனவரி 1985

தம்பி ஹாயிலுக்கு,

சாந்தி உண்டாகட்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே பனி, பிறகு அரையாண்டுத் தேர்வு, பிறகு திருத்தவேண்டிய தாள்கள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இன்னும் நான்கு சொற்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மெத்தென்று பேசுபவன் வெண்ணெய், துறுதுறுப்பான சிறுமி மிளகு, இப்படி. போதும் என்று நினைக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பம்பு பழுதாகிவிட்டது. தஃபீலாவிலிருந்து தைஸீர் என்று ஒரு மெக்கானிக் வந்தார். மூன்று நாள் வேலை என்றார்கள். ஏழு நாள் ஆனது.

அக்கா,
ரஸ்மியா

*

மிச்சிகன்
16 பிப்ரவரி 1985

அக்கா,

சலாம். நீ நலமா? எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

போன ஞாயிறு ஜமீத் வாங்க டியர்பார்னுக்குப் போயிருந்தேன். நம் ஆட்கள் கடைகள் எல்லாம் அங்கேதான். காய்ந்த தயிர்க்கட்டியை மூக்கருகே வைத்து மோந்துகொண்டு நிற்கிறேன், முதுகில் ஓர் அடி விழுந்தது. மிஃப்லிஹ்! நம் சந்தின் கடைசி வீட்டு மிஃப்லிஹ். இங்கே பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். கட்டிப்பிடித்தோம். ஊரைப் பற்றி, செத்தவர்களைப் பற்றிப் பேசினோம். அப்புறம் அவன் கேட்டான்.

"அதெல்லாம் சரி, உப்பில்லா ரஸ்மியா எப்படிடா இருக்கா?"

"என்னது?" என்றேன். அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. "நீதானேடா பேரு வெச்சே! பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடியே வெச்சியே. உங்க வீட்டு ஜன்னல்ல தொத்திக்கிட்டு நாங்க அத்தனை பேரும் பாத்துட்டிருந்தோம். சிரிச்சு சிரிச்சு நான் கீழ விழுந்தேன்" என்றான். பாசமாகத்தான் சொன்னான். என் கையில் இன்னொரு ஜமீத் கட்டியைத் திணித்துவிட்டுப் போனான்.

பேருந்தில் திரும்பும்போது எல்லாம் வந்தது. நிறைய விருந்தினர், என் வாயில் இனிப்பு, எல்லோரும் சிரிப்பது. நான் ஏதோ பெரிதாக வென்றதுபோல இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு உனக்கு என்ன ஆயிற்று என்பது நினைவில் இல்லை. இருபத்திரண்டு வருடம், அக்கா. நான் கேட்கவே இல்லை. உன் பெயர் என்ன என்று இரண்டு கடிதங்களில் கேட்டேன், அதுவும் உதாரணத்துக்கு ஆள் வேண்டும் என்று!

அந்த வீட்டுக்காரர்கள் அதனால்தான் போனார்களா? நீ அதனால்தான் தனியாக இருக்கிறாயா? திட்டியாவது எழுது. கட்டுரையில் உப்பு பற்றிய பகுதியை எழுதிவிட்டேன். அதை என்ன செய்வது என்றும் நீயே சொல்.

ஹாயில்

*

மிச்சிகன்
2 ஏப்ரல் 1985

அக்கா,

ஆறு வாரமாகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? சித்தப்பா கையெழுத்தில் ஒரு வரி வந்தாலும் போதும்.

ஹாயில்

*

கரக்
19 ஏப்ரல் 1985

என் தம்பி ஹாயிலுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன். எழுத உட்கார்வேன், பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிடுவேன். இன்று வெள்ளிக்கிழமை. நோட்டு எதுவும் இல்லை.

நடந்ததைக் கேட்டாய். சொல்கிறேன். அவர்கள் ரப்பாவிலிருந்து வந்தார்கள். பையனின் பெயரை எழுதமாட்டேன், இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு முறை துணிக்கடை வாசலில் அவரைப் பார்த்திருந்தேன். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் காப்பித் தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உனக்குப் பதினோரு வயது. பையனுடைய அம்மா உன்னை மடியில் இழுத்து, வாயில் ஓர் இனிப்புத் துண்டை வைத்து, "எங்க கண்ணு, உங்க அக்கா எப்படி? தேனா, வெண்ணெயா?" என்று கேட்டாள். நீ இனிப்பை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "எங்க அக்காவா? உப்பே இல்லாதவ!" என்றாய். அறை முழுக்கச் சிரித்தது. ஜன்னலில் பையன்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். நான் தட்டோடு உள்ளே போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன பேசினாலும் அதற்கு உப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லால்தான் போனார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் சொல் போகவில்லை. சந்தில் போனால் பையன்கள் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாரோ கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அழித்துவிட்டு வாய்ப்பாடு எழுதினேன். அதைவிட ஒன்று, ஹாயில். அப்படிச் சொல்லச் சொல்ல நான் அப்படியே ஆகிவிட்டேன். சிரிப்பு வந்தால்கூட, இவளா சிரிக்கிறாள் என்று பார்ப்பார்களோ என்று அடக்கிக்கொள்வேன். வகுப்பில் பிள்ளைகளோடு மட்டும் பேசுவேன். அவர்களுக்கு ஏழு வயது, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உன்மேல் மூன்று வருடம் கோபமாக இருந்தேன். நீ கவனிக்கவில்லை, அப்போதும் உன் சட்டைகளுக்கு நான்தானே இஸ்திரி போட்டேன். பிறகு கோபம் போய்விட்டது. இதை உன்னை ஆறுதல்படுத்தச் சொல்லவில்லை. அந்தச் சொல் உன்னுடையது அல்ல. பதினோரு வயதுப் பையனுக்கு அப்படி ஒன்று தானாக வராது. எங்கேயோ கேட்டதைத் திருப்பிச் சொன்னாய். எங்கே கேட்டாய் என்று தேடாதே. எனக்காகத் தேடாதே.

இனி உனக்குத் தெரியாத செய்தி. பம்பு மெக்கானிக் தைஸீரைப் பற்றி எழுதியிருந்தேன். மனைவி இறந்து ஐந்து வருடம் ஆனவர். இரண்டு மகள்கள், இருவரும் கணவன் வீட்டில். பள்ளிக்கூடத்து முற்றத்தில் அவர் வேலை செய்தார், என் வகுப்பு ஜன்னல் பக்கத்தில்தான். நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவருக்குக் கேட்கும். ஏழாவது நாள் ஜன்னலுக்கு வந்து, "டீச்சர், நீங்க பேசுறதைக் கேட்டா போல்ட்டு கையில நிக்கமாட்டேங்குது. மூணு நாள் வேலை ஏழு நாள் ஆயிடுச்சு. அந்த ஓநாய் கடைசியில என்னாச்சுன்னு சொல்லிடுங்க, நான் கிளம்புறேன்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

போன மாதம் சித்தப்பாவிடம் வந்து முறையாகக் கேட்டார். ஹாயில் வரட்டும், அப்பா இல்லாதவளுக்கு அவன்தான் பேசவேண்டியவன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நான் இதை உனக்கு ஏன் முன்பே எழுதவில்லை என்று நீ கேட்கலாம். நீ எனக்காக ஒரு முறை பேசியிருக்கிறாய். அது உனக்கு நினைவே இல்லை. நினைவில்லாதவனை மறுபடி பேச விட எனக்கு மனம் வரவில்லை. இப்போது நினைவு வந்துவிட்டது. அதற்கும் பயமாக இருக்கிறது.

உன் கட்டுரையில் என்னைப் போடாதே. பெயரை மாற்றியும் போடாதே. ஜூலையில் வருவாயா?

அக்கா,
ரஸ்மியா

*

மிச்சிகன்
12 மே 1985

அன்புள்ள அக்கா,

உனக்கு என் சலாம். ஜூலை ஆறாம் தேதி அம்மானில் இறங்குகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கட்டுரையிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன். சொல்லும் பொருளும் மட்டும் இருக்கிறது. பேராசிரியர் சிவப்பு மையில், "உதாரணம் எங்கே?" என்று எழுதினார். இல்லை என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

தேடாதே என்று எழுதியிருந்தாய். நான் தேடவில்லை. பல் துலக்கும்போது தானாக வந்தது. குரல், முற்றம், மடியில் சுரைக்காய்த் தட்டு, எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள், எந்த வேலையை நீ சரியாகச் செய்யவில்லை என்று சொன்னாள் என்பதுகூட வந்துவிட்டது. எனக்கு அத்திப்பழம் என்று பெயர் வைத்த அதே வாய். கட்டுரையின் முதல் பக்கத்தில் 'என் அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடவா?

ஹாயில்

*

கரக்
6 ஜூன் 1985

தம்பிக்கு,

சாந்தி உண்டாகட்டும். எடுக்காதே. அந்தக் கட்டுரையில் பாதி அவள் கொடுத்தது. எனக்குப் பால் கொடுத்ததும் அவள்தான், கடைசி இரண்டு வருடம் நான் ஊட்டி அவள் சாப்பிட்டதும் உண்மைதான். அந்த இரண்டு வருடத்தில் அவள் என்னை எந்தப் பெயரிட்டும் கூப்பிடவில்லை. ரஸ்மியா என்று மட்டும் கூப்பிட்டாள். அது போதுமா என்று என்னைக் கேட்காதே. சில நாள் போதும், சில நாள் போதாது.

தைஸீர் வீட்டிலிருந்து ஜூலை பன்னிரண்டாம் தேதி வருகிறார்கள். நரைமுடியை மறைத்துக்கொண்டு வராதே, சித்திக்கு ஏற்கெனவே தெரியும். மிஃப்லிஹ் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான்.

ரஸ்மியா

*

மிச்சிகன்
15 செப்டம்பர் 1985

அன்புள்ள அக்காவுக்கும் மச்சான் தைஸீருக்கும்,

இறைவன் உங்கள் இருவரையும் நலமாக வைத்திருக்கட்டும். புது வீட்டில் பழகிவிட்டாயா? தஃபீலாவில் காற்று கரக்கைவிட மோசம் என்று மச்சான் பெருமையாகச் சொன்னார்.

ஊரில் இருந்த மூன்று வாரமும் வீடு நிறைய ஆள். உன்னோடு தனியாகப் பேச முடியவில்லை. அம்மாவின் கல்லறைக்குப் போன அன்று முடிந்திருக்கும். நீ குனிந்து புல் பிடுங்கினாய், நானும் பிடுங்கினேன், வந்துவிட்டோம். ஆகவே பன்னிரண்டாம் தேதி ஆண்கள் பக்கம் நடந்ததை இப்போதுதான் சொல்கிறேன்.

இருபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர், வெள்ளைத் தாடிக்காரர், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க வந்த காரியம் என்னன்னு உங்களுக்குத் தெரியும். பதில் கேக்காம இதைத் தொடமாட்டோம்" என்றார். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் விமானத்திலேயே மூன்று வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அதே அறை, அக்கா. அதே ஜன்னல். அதில் இப்போதும் சந்துப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சித்தப்பா இருமினார். யாரோ மணிமாலையை உருட்டுவதை நிறுத்தினார்கள். தைஸீர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்துவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் மௌனமாக இருந்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று புரிந்தது. ஆனால் உனக்குப் பதிலாக நான் பேசுவது என்பது மட்டும் என்னால் ஆகவில்லை. எழுந்தேன்.

"எங்கடா போற?" என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம்."

மற்றது உனக்குத் தெரியும். கதவைத் தட்டி, "அக்கா, நான் என்ன சொல்லணும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "இவன் மூளையை அமெரிக்காவுல ஊறுகா போட்டுட்டாங்க!" என்று சித்தி கத்தினாள். உள்ளிருந்து உன் குரல், தெளிவாக, ஆண்கள் பக்கம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"காப்பி ஆறுது. குடிக்கச் சொல்லு."

ஜன்னல் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் இருபது பேரும். வெள்ளைத் தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது வருஷமா ஊர் ஊரா பொண்ணு கேட்டுப் போறேன். பொண்ணே பதில் சொல்லி அனுப்பிச்சது இந்த வீட்லதான்" என்று ஒரே மடக்கில் குடித்தார். தைஸீர் அவசரத்தில் கோப்பையைச் சரித்து, பாதிக் காப்பி சட்டையில். நீ அதைத் துவைத்திருப்பாய், கறை போயிற்றா?

நான் விரும்பியதெல்லாம் அந்தச் சிரிப்பை நீ கேட்கவேண்டும் என்பதுதான். கேட்டதா?

தம்பி,
ஹாயில்

*

தஃபீலா
9 பிப்ரவரி 1986

என் தம்பி ஹாயிலுக்கு,

இறைவனின் அருள் உன்னைச் சூழட்டும். நாங்கள் நலம். முழங்கால் பரவாயில்லை, இந்த வீட்டில் படி இல்லை. கறை போகவில்லை. அவர் போகவிடவும் இல்லை, அந்தச் சட்டையைத்தான் வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்கிறார்.

கேட்டது, ஹாயில். நான் கதவில் காதை வைத்து நின்றேன்.

இங்கே பெண்கள் பள்ளிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. மறுபடி இரண்டாம் வகுப்புதான். உன் கட்டுரை அச்சான மலர் போன வாரம் வந்தது. முதல் பக்கத்தில் எழுத்துக்கூட்டி அம்மாவைப் பார்த்தேன். மற்ற ஆங்கிலம் எதையும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதனால் பள்ளிக்கு எடுத்துப் போனேன். இங்கே நஜாஹ் என்று ஓர் ஆங்கில டீச்சர் இருக்கிறாள், பயங்கர வாயாடி. இடைவேளையில் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, அரபியில் திருப்பித் திருப்பி வாசித்தாள். வெள்ளரிக்காய் மருமகன் வந்ததும் ஆசிரியர் அறையே குலுங்கியது. எலுமிச்சை வந்தபோது எல்லோரும் எங்கள் தலைமையாசிரியையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா ஊரிலும் ஒருத்தி இருப்பாள் போலிருக்கிறது.

கடைசியில் அந்தப் பகுதி வந்தது. நஜாஹ் வாசித்தாள், நிறுத்தினாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இது, ரஸ்மியா டீச்சர்? உங்க தம்பி எல்லாத்துக்கும் ஆள் சொல்லியிருக்காரு. உப்பில்லாதவங்களுக்கு மட்டும் ஆளைக் காணோமே? கரக்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

"இங்க நிறைய இருக்காங்களே, அனுப்பி வைக்கலாம்" என்றாள் ஒருத்தி. தன் மாமியார் என்றாள் இன்னொருத்தி. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் கையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை, பயமே இல்லை.

"ஆள் இருக்கு" என்றேன். "நான்தான் அது. இருபத்திரண்டு வருஷம் எங்க சந்துல எனக்கு அதுதான் பேரு."

நஜாஹ் மேசையிலிருந்து சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தாள். "நீங்களா? போங்க டீச்சர்! காலையில நீங்க ஆய்வாளர் மாதிரி நடந்து காட்டினதுக்கே எனக்கு இன்னும் வயிறு வலிக்குது!" மற்றவர்களும் சிரித்தார்கள். நான் புது வேடிக்கை ஒன்று சொல்வதாக நினைத்தார்கள். சத்தியம் செய்தேன். தலைமேல் கை வைத்துச் சொன்னேன். என்ன சொன்னாலும் அவர்களுக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. மணி அடித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

யாருமே நம்பவில்லை, ஹாயில்.

உன் அக்கா,
ரஸ்மியா